ஹல் நகர நோர்டிக் சங்கத்தின் தலைவர் பதவி

1961ஆம் வருடம் பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஹல் நகரத்து நோர்டிக் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹால்வர் நேஸ்ஹெய்ம், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக முன்வாசலில் காலெடுத்து வைத்தபோது, பின்வாசல் வழியாகச் சமையற்கட்டுக்குள் வந்து சேர்ந்தான். தொப்பியும் மேல்கோட்டும் போட்டபடியே வந்தான். தோளில் இரண்டு துளி மழை இருந்தது. மீன் சூப் வைத்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த டென்மார்க்குக்காரி போடில் நிமிர்ந்து பார்த்தாள்.

"எதையாவது மறந்துட்டியா?"

"இல்லையே. வெளியதான் போனேன்."

"வெளிய போறவங்களுக்குக் கதவு அந்தப் பக்கம் இருக்கு."

அவன் மறுபடி போனான், மறுபடி சமையற்கட்டுக்கே வந்தான். மூன்றாவது முறை போடில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்கள் கூடினார்கள். அவன் குடித்திருக்கிறானா என்று முகர்ந்து பார்த்தார்கள். சீரக வாசனைச் சாராயம் அன்று எல்லார் வாயிலும் மணத்தது, அவன் வாயில்தான் இல்லை. நிலக்கரி கொட்டுகிற துவாரம் வழியாக அவனை நுழைத்துப் பார்த்தார்கள். மாடி ஜன்னலில் கயிறு கட்டி, பின்லாந்து மாலுமி ஒருவன் மேலிருந்து பிடித்துக்கொள்ள இறக்கியும் பார்த்தார்கள். கயிறு காலியாகத் தெருவில் ஆடியது. ஹால்வர் பின்வாசல் மிதியடியில் நின்றிருந்தான். அப்புறம் எல்லாரும் அவரவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மண்டபத்து சோபாவில் அவனுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்துவிட்டு போடிலும் போனாள்.

அதற்கு முன் தலைவராக இருந்தவர் ஏகெலுண்ட் என்ற ஸ்வீடன்காரர். கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்தவர். பத்தொன்பது வருடம் அவர் சங்கக் கட்டடத்தை விட்டு அகலாமல் இருந்ததை அர்ப்பணிப்பு என்று எல்லாரும் மேடையேறிப் புகழ்ந்திருந்தார்கள். ஹால்வர் எழுந்து "சரி, நானே இருக்கேன்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் தொப்பி கூட இல்லாமல் வெளியே போய்விட்டிருந்தார். விதர்ன்சீ கடற்கரையில் ஒரு பெஞ்சில், கொட்டுகிற குளிரில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்கள். கட்டடத்துக்குள் வர மறுத்துவிட்டார். தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பேசினார்.

"ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?" என்றான் ஹால்வர்.

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன கேள்வி?" என்றவர், தன் பூட்ஸைப் பார்த்தார். "உனக்கு மாட்டேன்னு சொல்ல வராது, தம்பி. இந்த ஊர்ல அப்படி ஒருத்தன் நீதான். அதான் உன்னைக் கேட்டேன். மன்னிச்சுக்க. பொதுக்கூட்டத்துல இன்னொருத்தர் எழுந்திரிச்சு தன் வாயால 'நான் இருக்கேன்'னு சொல்லணும். அப்பத்தான் கட்டடம் விடும்."

ஏகெலுண்ட் ரகசியத்தைக் காத்து வந்ததால்தான் தப்பித்தார். ஹால்வர் விஷயம் முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த பிப்ரவரியில் "தலைவர் பொறுப்புக்கு யாராவது?" என்று கேட்டபோது மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அதற்கடுத்த பிப்ரவரியிலும் பார்த்தார்கள். பொருளாளர் ஹோல்கர் எழுந்து, நம் தலைவரைப் போல் ஒருவர் கிடைக்கமாட்டார், அவரே தொடர வேண்டும் என்று முன்மொழிவார். கைதட்டல் வெகுநேரம் நீடிக்கும். மறுப்பு உண்டா என்று ஹால்வரையே கேட்பார்கள். அவன் உதட்டைத் திறப்பான். எல்லாரும் அவனைப் பிரியமாகப் பார்ப்பார்கள். மூடிக்கொள்வான்.

அவன் மரக்கிடங்கில் பலகை அளவுக் கணக்குப் பார்த்தவன். முதலாளி நல்லவர், கணக்கைச் சங்கத்துக்கே அனுப்பிவைத்தார். மாடியறை ஜன்னலில் நின்றால் நாலு தெரு தள்ளி அவன் வீட்டுப் புகைக்கூண்டு தெரியும். அதில் புகை கிளம்பும் நேரத்தை வைத்து மனைவி டோர்டிஸ் எழுந்துவிட்டாளா, மகள் லிவ் பள்ளிக்குத் தாமதமா என்று தெரிந்துகொள்வான். டோர்டிஸ் தினமும் வேலை முடிந்து வருவாள். சில நாள் தங்குவாள். சோபாவில் இரண்டு பேர் படுப்பது சிரமம். அவன் தலைவரான வருடக் கோடையில் நார்வேக்கே திரும்பிவிடுவதாக அவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். வோஸ் ஊரில் அவள் அண்ணன் ஒரு வீட்டைக் காலி செய்து வைத்திருந்தான். அதை யாரும் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது.

சங்கம் செழித்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். தலைவர் எப்போதும் இருந்தார். கூரை ஒழுகினால் அந்த மணி நேரத்திலேயே அடைபட்டது. எந்தக் கப்பல் எந்த நேரத்தில் வந்தாலும் மாலுமிகளுக்குச் சூடாக ஏதாவது கிடைத்தது. இங்கிலாந்துக்கு ஐஸ்லாந்தோடு மீன்பிடித் தகராறு முற்றி, ஐஸ்லாந்துக் கொடியை இறக்கு என்று தெருவில் நாலு பேர் கத்தியபோது, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து காவல் காத்தவன் ஹால்வர்தான். மே பதினேழாம் தேதி நார்வே தேசிய நாளில் பிள்ளைகளின் ஊர்வலம் கட்டடத்தை நாலு பக்கமும் சுற்றிப் போனது. அவன் உள்ளே ஜன்னல் ஜன்னலாக ஓடி அதைப் பார்த்தான். ஆகஸ்டில் ஆற்று இறால் விருந்து, எல்லார் தலையிலும் காகிதத் தொப்பி. இலையுதிர்காலத்தில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோஸும் சேர்த்து வேகவைத்த அண்டா. நவம்பரில் சாம்பல் காரத்தில் ஊறவைத்த கருவாடு. அதன் நாற்றம் மற்றவர்களுக்கு அன்றோடு போய்விடும், அவனுக்கு ஒரு வாரம். கிறிஸ்துமஸில் மரத்தைச் சுற்றிக் கைகோத்து ஆடும்போது, ஆட்டம் சங்கிலியாக நீண்டு வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகும். வாசலைத் தாண்ட அவன் முறை வரும்போது சங்கிலி அறுந்து அவன் சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து மறுபடி கை கோத்துக்கொள்வான். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

ஜூன் மாதம்தான் அவனுக்குப் பிடிக்காது. நடுக்கோடைத் தீ மூட்ட எல்லாரும் ஹம்பர் நதிக்கரைக்குப் போய்விடுவார்கள். கட்டடம் காலியாகும். வெளிச்சம் போகவே போகாது. முதல் வருடம் டோர்டிஸ் அவனோடு இருந்தாள். பிள்ளை தீயைப் பார்க்காமல் வளரக் கூடாது என்று அடுத்த வருடம் அவனே அனுப்பிவைத்தான்.

லிவ் வளர்ந்தாள். ஒரு டிசம்பரில், லூசியா தினத்தில், தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு புனித லூசியா வேடத்தில் மண்டபத்துக்குள் நடந்து வந்தாள். பிறகு செவிலியர் படிப்புக்கு பெர்கன் போனாள். 1972இல் வோஸில் அவளுக்குக் கல்யாணம். டோர்டிஸ் கப்பலேறினாள். ஹால்வர் அன்று காலையில் கோட்டு சூட்டு போட்டு, சட்டைப் பொத்தானில் பூ செருகிக்கொண்டு, முன்வாசலில் போனான், பின்வாசலில் வந்தான். பகல் முழுக்க அப்படியே போவதும் வருவதுமாக இருந்தான். அவன் ஒவ்வொரு முறையும் கதவைத் திறக்க வேண்டாமே என்று பின்கதவுக்கு ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்து வைத்தாள் போடில். சாயங்காலம் பூ வாடிய பிறகு அவள் சுட்டிருந்த கேக்கை இரண்டு பேரும் தின்றார்கள்.

"நல்லா இருக்கு," என்றான்.

"கொஞ்சம் கருகிடுச்சு," என்றாள் போடில்.

மறு வருடம் லிவ்வுக்குக் குழந்தை பிறந்தது. டோர்டிஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஊருக்கு வந்தும் பல நாள் கோபமாகவே இருந்தாள். யார்மேல் கோபம் என்று ஹால்வர் கேட்கவில்லை.

1974 பிப்ரவரியிலும் பொதுக்கூட்டம் நடந்தது. எல்லாரும் காலணியைப் பார்த்தார்கள். ஹோல்கர் முன்மொழிய எழுந்தார். அவருக்கு முன்னால் டோர்டிஸ் எழுந்துவிட்டாள்.

"நான் இருக்கேன்," என்றாள்.

"வேண்டாம் டோர்டிஸ்," என்றான் ஹால்வர். "உட்காரு. நான் ஒத்துக்கமாட்டேன்."

"பதிமூணு வருஷமா இந்த மண்டபத்துல ஒருத்தருக்கும் மாட்டேன்னு சொன்னதில்ல நீ. மொத மொத எனக்கா சொல்ற?"

யாரோ கைதட்ட, கைதட்டல் பெருகியது. மாட்டியது தாங்கள் இல்லை என்ற நிம்மதி அதில் நன்றாகவே கேட்டது. டோர்டிஸ் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"தட்டி முடிச்சாச்சா? கிளம்புங்க எல்லாரும். நீயும்தான், ஹால்வர். போய்ப் பேத்தியைப் பாரு."

அவன் முன்வாசலில் காலெடுத்து வைத்தான். தெருவில் நின்றான். கல்தரை அவன் நினைத்திருந்ததைவிடச் சாய்வாக இருந்தது. அவனுக்குப் பின்னால் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது.

மறுநாள் வந்தவர்கள் கதவு திறக்காததைக் கண்டார்கள். பின்கதவும் பூட்டியிருந்தது. டோர்டிஸ் மாடி ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். இனித் தலைவர் பதவி வாரத்துக்கு ஒருவர், சங்கத்தில் பெயர் உள்ள எல்லாரும் முறை வைத்து, இதற்கு எல்லாரும் கை தூக்கினால் கதவைத் திறக்கிறேன் என்றாள். கீழே சிரித்தார்கள். எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம் என்றார் ஹோல்கர்.

ஹால்வர் வோஸுக்குப் போனான். பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசல்படியைத் தாண்டி வெளியே போனான், உள்ளே வந்தான், திரும்ப வெளியே போனான். எதிர்வீட்டுக்காரர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் அவனால் இருக்க முடியவில்லை. ஹல்லுக்கு வந்து, ரொட்டியும் பாலும் நிலக்கரியும் கூடையில் வைத்து, டோர்டிஸ் ஜன்னலிலிருந்து விடும் கயிற்றில் கட்டி அனுப்பத் தொடங்கினான். இப்போது அவன் புகைக்கூண்டில் எப்போது புகை வருகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மே மாதம் பிள்ளைகள் மழையில் ஊர்வலம் போய், ஒதுங்க இடமில்லாமல் நனைந்தபடி வீடு திரும்பினார்கள். ஆற்று இறால் விருந்து ஹோல்கரின் கார் கொட்டகையில் நடந்தது, பெட்ரோல் வாசனையோடு. மாலுமிகள் பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு மதுக்கடைகளுக்குப் போனார்கள். கருவாட்டை யாரும் தங்கள் வீட்டில் ஊறவைக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஹோல்கர் ஹால்வர் வீட்டுக்கு வந்தார்.

"நீ சொன்னா அவ கேப்பா. ஒரு வார்த்தை சொல்லேன், ஹால்வர். நமக்குள்ள என்ன?"

"மாட்டேன்," என்றான் ஹால்வர்.

ஹோல்கருக்குக் காதில் சரியாக விழவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். ஹால்வர் திரும்பச் சொன்னான். இரண்டாவது முறை சுலபமாக இருந்தது. அவர் போன பிறகு காலி அறையில் இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

லூசியா தினத்தன்று, மூன்றரை மணிக்கே இருட்டிய சாயங்காலத்தில், பிள்ளைகள் வெள்ளை அங்கியோடு பூட்டிய கதவின் முன் வந்து நின்று பாடினார்கள். ஆலங்கட்டி கலந்த மழை. மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவின் கண்ணாடிக்குப் பின்னால் டோர்டிஸின் நிழல் இறங்கி வருவதை ஹால்வர் பார்த்தான். தாழ்ப்பாள் அசைந்தது. அவன் கதவோரம் போய் நின்றான்.

"திறக்காதே," என்றான்.

"பிள்ளைங்க நனையுதே," என்றாள் உள்ளிருந்து. "என்னால கேக்க முடியல."

"குடை இருக்கு. அப்பன் ஆத்தா இருக்காங்க. கை தூக்க வேண்டியவங்க அவங்கதான். நீ திறந்தா அப்புறம் நீ வெளிய வரவே மாட்டே. திறக்காதே, டோர்டிஸ்."

தாழ்ப்பாள் அப்படியே நின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவனும் அந்தப் பக்கம் அவளும் பாட்டு முடியும்வரை நின்றார்கள். கூட்டத்தில் இருந்த போடில் மூக்கைச் சிந்திக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒம்பது வருஷம் மாமியார் வீட்டுல இருந்தவ. வருஷத்துல ஒரு வாரம் உங்களுக்குப் பெரிசாயிருச்சா? எம் பேரை மொதல்ல எழுது."

பொதுக்கூட்டம் பிப்ரவரியில் தெருவிலேயே நடந்தது. டோர்டிஸ் மாடி ஜன்னலிலிருந்து தீர்மானத்தைப் படித்தாள். 'நான் இருக்கேன்' என்று போடில் கை தூக்கினாள். ஹால்வர் தூக்கினான். சுவரைப் பிடித்தபடி நின்றிருந்த கிழவர் ஏகெலுண்ட், பத்தொன்பது வருடம் இருந்தவருக்குச் சலுகை உண்டு என்று நாலு பேர் சொல்லியும் கேட்காமல், கையைத் தூக்கினார். அதன் பிறகு மற்றவர்களால் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருக்க முடியவில்லை. கடைசியாக ஹோல்கர், குடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையை உயர்த்தினார்.

தாழ்ப்பாள் திறந்தது. டோர்டிஸ் வாசலைத் தாண்டித் தெருவில் வந்து நின்றாள். போடில் அவளைக் கடந்து உள்ளே போனாள். கொஞ்சம் பொறுத்து முன்வாசலில் தோன்றி ஒரு காலை வெளியே வைத்தாள், மறைந்தாள். சமையற்கட்டிலிருந்து அவள் சத்தம் கேட்டது.

"ஆமா, சரியாத்தான் இருக்கு! காப்பி வேணுங்கிறவங்க உள்ள வாங்க!"

அதிலிருந்து இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. முறை வருபவர்கள் செருப்பும் பல்துலக்கியும் கொண்டுவருகிறார்கள். சிலர் பின்னலை முடிக்கிறார்கள், ஒருவர் அங்கே தங்கித்தான் சிகரெட்டை விட்டார். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த பல் மருத்துவர் ஒருவர், இதிலிருந்து விலக்கு உண்டா என்று கேட்டார். புது சோபா வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அக்டோபர் பள்ளி விடுமுறை வாரத்தைத் தட்டிக்கழிக்க மட்டும் போட்டி உண்டு, யாருக்கும் அது வேண்டாம்.

ஹால்வரும் டோர்டிஸும் 1976இல் நார்வேக்கே போய்விட்டார்கள். சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றான் ஹால்வர். சொல்லவில்லை. வோஸில் முதல் பனி விழுந்த நவம்பர் காலை, பேத்திக்குக் கஞ்சி கொதிக்கும்போது, கொட்டகையிலிருந்து விறகு எடுத்து வர அவன் வெளியே போனான். எடுத்துக்கொண்டு திரும்பியவன், கை நிறைய பிர்ச் மர விறகோடு, மீசையில் பனியோடு, ஹல் நகரத்துச் சமையற்கட்டில் வந்து நின்றான். அவனுடைய வாரம் அன்றுதான் தொடங்கியிருந்தது. வோஸில் டோர்டிஸ் கொட்டகை வரை ஒரு ஜோடிக் காலடித் தடம் போய், திரும்பி வராமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, கஞ்சியில் அவன் பங்கைப் பேத்தியின் கிண்ணத்தில் ஊற்றினாள்.

போடில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விறகு காஞ்சிருக்கா?" என்றாள்.

"காஞ்சதுதான்."

"மண்டபத்துல போடு. ஆளுங்க வர்ற நேரம்."