மிஞ்சிய சீட்டு

“அந்த மிஞ்சின சீட்டையும் பிரிங்க.”

ஆயம்மாள் கேட்டேவிட்டாள். வாயைத் திறக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அம்மா மூக்கம்மா அவளைக் காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்களத்துக்கு அழைத்து வந்திருந்தாள். மிஞ்சிய சீட்டைப் பிரிக்கச் சொன்னால் வெள்ளைக்காரத் துரையையே திருடன் என்று சொன்ன மாதிரி. குன்னூர்ப் பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமைதோறும், அந்த வாரம் எந்தக் கூட்டம் எந்தக் காட்டில் கொழுந்து பறிப்பது என்று, கணக்கெழுதும் ரைட்டர் லூயிஸ் தன் தொப்பிக்குள் இரண்டு சீட்டு போடுவான். ஒன்று மேட்டுக்காடு: செங்குத்து, அட்டைக்கடி, சறுக்கல். இன்னொன்று ஆத்துக்காடு, மட்டமான நிலம். மூக்கம்மா தன் கூட்டத்துப் பெண்களுக்காக ஒன்றை எடுப்பாள். மிஞ்சியது சுப்பண்ணன் கூட்டத்துக்கு. அதை லூயிஸ் பிரிக்காமலே கணப்பு நெருப்பில் போட்டுவிடுவான். இன்றோடு பதினோரு வாரமாக மூக்கம்மாவுக்கு மேட்டுக்காடுதான். போன வாரம் அங்கே சறுக்கி விழுந்த ராக்கம்மா முழங்கால் உடைந்து கிடக்கிறாள்.

கணக்கில் பி.ஏ. வாங்கியவளுக்கு உறுத்தாதா? லூயிஸ் யோக்கியன் என்றே முதலில் வைத்துப் போட்டுப் பார்த்தாள். எக்ஸ் வாரம் தொடர்ந்து மேட்டுக்காடே வர, இரண்டின் எக்ஸ் அடுக்கில் ஒரு வாய்ப்பு. எக்ஸ் பதினொன்று. இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் ஒன்று! யோக்கியன் என்பது நிற்கவில்லை. இரண்டு சீட்டிலும் மேட்டுக்காடுதான் எழுதுகிறான், படுபாவி.

“ஏனுங்க பி.ஏ. அம்மணி, படிப்பு தலைக்கேறிப் போச்சுங்களா?” லூயிஸ் சிரித்துக்கொண்டே பிரித்துக் காட்டினான்.

ஆத்துக்காடு.

“காலேஜுல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களாக்கும்!” என்றான் சுப்பண்ணன். களமே சிரித்தது.

ஆயம்மாள் சிரிக்கவில்லை. சீட்டு சரி. அப்படியானால் எடுத்த கை? அம்மாவிடமிருந்த சீட்டைப் பிடுங்கினாள். ஒரு மூலை கிள்ளியிருந்தது. லூயிஸ் கையிலிருந்ததில் நாலு மூலையும் முழுசு.

“தெரிஞ்சேதான் எடுத்தியா?”

மூக்கம்மா தலையைத் தூக்கவில்லை. “மெதுவாப் பேசு, ஆயி. நீ எஸ்டேட் பள்ளிக்கூடத்து டீச்சர் வேலைக்கு மனுப் போட்ட வாரம் ரைட்டரய்யா கூப்ட்டாரு. மேட்டுக்குப் போகச் சொன்னா சுப்பண்ணன் ஆளுக வேலைய நிறுத்திப்போடுவாங்களாம். மூல கிள்ளுனத எடு, உம் மக ஆர்டரு எம் பொறுப்புன்னாரு.”

வேலை ஆர்டர் நேற்றுத்தான் வந்திருந்தது. ஆயம்மாள் அதை மடியிலிருந்து எடுத்து லூயிஸின் மேசையில் வைத்தாள். மூலை கிள்ளிய சீட்டை மட்டும் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“அம்மணி, அந்தச் சீட்டு?” லூயிஸின் சிரிப்பு நின்றிருந்தது.

“ராக்கம்மாக்காகிட்டக் காட்டணும்.”

“ஆயி! சொல்லிப்போடாத, ஆயி!”

அம்மாவின் குரல் பின்னால் கேட்டபோது அவள் களத்தைத் தாண்டியிருந்தாள்.