அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவர்

துருக்கி மொழி வகுப்பில் அன்றைக்கு, விடாமல் நடக்கிற காரியங்களைச் சொல்லும் பாடம். "'துர்'னா நில்லுன்னு அர்த்தம். அதை இன்னொரு வினைக்குப் பின்னாடி ஒட்டிட்டா, ஒருத்தர் ஓயாம ஒண்ணையே பண்ணி உயிரை வாங்குறாருன்னு ஆயிடும்," என்றார் டீச்சர்.

பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பவள் அதைக் கேட்டுச் சிரித்தே விட்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவருக்குத் துருக்கி பேசுகிற ஊரில் மில் வேலை கிடைத்திருந்தது. அன்றிலிருந்து "வேலையை விடு, வேலையை விடு" என்று அவள் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அவளோ மெழுகில் பல் செதுக்கப் பழகியிருந்தாள். முன்பல் வேலையை லேபில் அவளை நம்பி இப்போதுதான் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். மொழி கற்க மட்டும்தான் சம்மதித்திருந்தாள்.

வகுப்பு முடியும் முன் கொஞ்ச நேரம் தமிழே கூடாது. அவரவர் வீட்டு விஷயத்தை வைத்தே புதுப் பாடத்தைப் பேசிக் காட்ட வேண்டும். கணவர் முந்திக்கொண்டு எழுந்தார். வகுப்பில் அவர்தான் கெட்டிக்காரர். அவளுக்கு ஒன்றும் ஏறாது என்று ஊருக்கெல்லாம் அவரே சொல்லிவைத்திருந்தார். துருக்கி மொழியில் பொழிந்து தள்ளினார்: என் மனைவி தயங்கிக்கொண்டே இருக்கிறாள். நேற்று அவள் முதலாளிக்கு நானே போன் செய்து, இந்த மாதத்தோடு அவள் நின்றுவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

அவளுக்குப் புரிந்தது. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. ஓட்டலில் அவள் என்ன சாப்பிடுவாள் என்பதையும் அவரே சொல்வார், டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதையும் அவரே சொல்வார். வலி அவளுக்கு, வாய் அவருக்கு. காலையில் முதலாளி முகம் கொடுக்காமல் முன்பல் வேலையை வேறொருத்தியிடம் தள்ளியது ஏன் என்று இப்போது தெரிந்தது.

எழுந்தாள். "கொஜாம் பெனிம் யெரிமெ கரார் வெரிப் துருயோர்," என்றாள். என் கணவர் எனக்குப் பதிலாக முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறார்.

கணவர் பல்லைக் காட்டினார். "பரவாயில்லையே! அந்த 'கரார்' மட்டும் கொஞ்சம் இழுத்து..."

"நிறுத்துங்க." தமிழ் கூடாது என்று டீச்சர் இம்முறை சொல்லவில்லை. "எங்க முதலாளிக்குப் போன் போடுங்க. சொன்ன வாயாலேயே மாத்திச் சொல்லுங்க."

"இங்கயா? எல்லாரும் பாக்குறாங்க. வீட்ல போய்ப் பேசிக்கலாம்மா."

"எல்லாரும் பாக்கத்தானே இப்ப சொன்னீங்க?"

அவர் உதவிக்கு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் நம்பரை அழுத்தினார். மறுமுனையில் குரல் கேட்டதும், "சார், அவ என்ன நினைக்கிறான்னா..." என்று ஆரம்பித்தார்.

அவள் போனைப் பிடுங்கினாள்.

"சார், நான்தான் பேசுறேன். நான் வேலையை விடலை. ஊருக்குப் போறது அவர் மட்டும்தான்."