மஞ்சள் கோட்டுக்குப் பின்னால்

சத்யபிரியாவுக்கு அவள் புருஷன் வைத்த பட்டப்பெயர் அரைப்பிரியா. பொய் என்றும் சொல்ல முடியாது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றது, தையல் வகுப்பு ஜாக்கெட் கையோடு நின்றது, கார் பழகியது ரிவர்ஸ் கியரோடு நின்றது. இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணமும் இரண்டு தடவை பாதியில் நின்றாயிற்று. இன்று மூன்றாவது தடவை. "இதையாவது முழுசா முடிச்சுக் காட்டுதேன்" என்று மேலகரம் வீட்டில் வாயை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இன்றும் பாதியில் திரும்பினால் அந்த வாயை எங்கே கொண்டு வைப்பது?

விடிகாலை ஐந்து மணிக்குக் குற்றாலத்தில் சைக்கிள் குழுவின் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு அட்டை கொடுத்து அனுப்பியவள் ஸ்மிருதி. குழுத் தலைவன் ஸ்ரீகணேஷின் மனைவி. கடையம் டீக்கடையில் பகல் பன்னிரண்டுக்குள் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், மாலை ஆறரைக்குள் மீதி நூறு கிலோமீட்டரையும் சுற்றிக் குற்றாலம் திரும்ப வேண்டும். பாதையை விட்டு விலகினால் விலகின இடத்துக்கே திரும்பி வந்து தொடர வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

ஸ்ரீகணேஷ் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தான். "முன்னாடி போறவரோட பின் சக்கரத்தை மட்டும் பாருங்க மேடம். காத்தும் அடிக்காது, வழி பத்திக் கவலையும் வேண்டாம்" என்றான். வேத வாக்காக எடுத்துக்கொண்டு தொண்ணூறு கிலோமீட்டர் அவன் சக்கரத்தைப் பார்த்தே வந்தாள். சங்கரன்கோவில் எப்போது வந்தது, எப்போது போனது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் பிடித்தது. கடைசியில் வந்தவனுக்குச் செயின் கழன்றுவிட, "நேரா போங்க, வந்து பிடிச்சிடறேன்" என்று ஸ்ரீகணேஷ் திரும்பிப் போனான். கண்ணாடியெல்லாம் தண்ணீர். தலையைக் குனிந்து மிதித்தவள் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தால் முன்னால் மஞ்சள் கோட்டு. அதற்குள் எப்படி வந்தான், மனுஷனா பேயா? சரி என்று பின்னால் ஒட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தச் சக்கரத்தில் மட்கார்டு இருந்தது. கேரியரும் இருந்தது. இதையெல்லாம் எப்போது மாட்டினான்? கேட்கலாமா? கேட்டால் விவரம் தெரியாதவள் என்று சிரிப்பார்களோ? யோசிப்பதற்குள் மஞ்சள் கோட்டு தார் ரோட்டை விட்டு வயலுக்குள் வலப்பக்கம் திரும்பியது. அவளும் திரும்பினாள். நடுகைக்குக் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஸ்ரீகணேஷின் குரல் கேட்டது. "மேடம்! நில்லுங்க!"

சத்தம் பின்னால் வருகிறது, ஆள் முன்னால் போகிறான். அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மஞ்சள் கோட்டு இன்னும் வேகமாக மிதித்தது. வேறென்ன செய்ய? அவளும் மிதித்தாள்.

மூன்று கிலோமீட்டர் போய் ஒரு பம்புசெட்டு ரூம் வாசலில் அந்த ஆள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அறுபது வயது இருக்கும். மூச்சு இரைத்தது.

"ஏலே, யாருலே நீங்கள்லாம்? நான் என்ன செஞ்சேன்னு என்னிய இந்த வெரட்டு வெரட்டுதிய?"

"நாங்க வெரட்டல அண்ணாச்சி. நீங்கதான் எங்க தலைவர்னு நெனச்சி..." என்றாள் சத்யபிரியா.

"தலைவரா? நான் தண்ணி பாய்ச்ச வந்தவம்மா!"

அவர் பெயர் பலவேசம். விஷயம் புரிந்ததும் மம்பட்டியைச் சாத்தி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த வாயாலேயே வழியும் சொன்னார். கால்வாய்க் கரையோடு போனால் கடையம் நாலே கிலோமீட்டராம். அதற்குள் கடைசி ஆளோடு வந்து சேர்ந்திருந்த ஸ்ரீகணேஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "திரும்பிப் போனா நேரம் போயிடும். கரை வழியே போயிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். சத்யபிரியாவுக்கு ஆட்ட வரவில்லை. இத்தனை நேரம் வழி தெரிந்தவன் என்று நம்பிய ஆள் சொல்கிறான், ஐந்து பேர் சரி என்கிறார்கள், அப்புறம் தனக்கு மட்டும் ஏன் நெஞ்சு உறுத்துகிறது? குறுக்கே போய் முடித்தால் அதுவும் அரைதானே?

"நீங்க போங்க. நான் ரோட்டுக்கே போறேன்" என்று சைக்கிளைத் திருப்பினாள்.

"ஒத்தையிலயா போற? இரு தாயி, ரோடு வரைக்கும் வாரேன்" என்றார் பலவேசம். "நீ முன்ன போ. முன்ன போறவன் பாடு என்னன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிது."

தார் ரோடு வந்த பிறகும் அவர் திரும்பவில்லை. முன்னால் சக்கரம் இல்லாமல் அவளுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஒவ்வொரு முக்கிலும் நின்று நின்று போனாள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு புளியமரத்தடியில் குடையும் மேசையுமாக உட்கார்ந்திருந்தாள் ஸ்மிருதி. குறுக்கே போகிறவர்களைப் பிடிக்க இப்படிச் சொல்லாமல் ஒரு முத்திரை மேசை போடுவார்கள். எங்கே என்று கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

அட்டையில் முத்திரை குத்திவிட்டு ஸ்மிருதி ரோட்டை எட்டிப் பார்த்தாள். "நீங்க மட்டும்தானா? அவர் எங்கே? மத்தவங்க?"

சொன்னால் ஆறு பேர் உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால் பொய். சத்யபிரியா குனிந்து சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள்.

"அந்த ஆறு பேரா?" என்றார் பலவேசம், பெருமை பொங்க. "கரை வழியா இந்நேரம் கடையத்துல டீ குடிச்சிருப்பாவளே! நாந்தான வழி சொன்னேன்!"

ஸ்மிருதி பேனாவை எடுத்துப் பட்டியலில் ஆறு பெயர்களை அடித்தாள். முதலில் அடித்தது ஸ்ரீகணேஷை. "கடையம் போய்ச் சேர உங்களுக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு, கிளம்புங்க" என்றாள்.

மாலை ஆறு இருபதுக்குக் குற்றாலத்தில் சத்யபிரியா இறங்கியபோது கால் இரண்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவள் புருஷன் துண்டோடு நின்றிருந்தான். முத்திரை குத்திய அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏ அரை..." என்று வாய்வரை வந்ததை விழுங்கினான்.

"பிரியா, டீ குடிக்கியா?"

"முழு டம்ளர்" என்றாள்.