செவ்வாய்க்கிழமை கிளினிக்

லேக் மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டிகள் வந்து சேரும் முன்பே வங்காளத்தில் தமிழர் நடத்தும் அந்த மெஸ்ஸின் பின்கட்டில் கிரைண்டர் உறுமத் தொடங்கிவிடும். ஜானகி முழங்கை வரை மாவுக்குள் கையை விட்டு வழித்து அண்டாவில் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வழிப்புக்கும் தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. இட்லிக் கொப்பரையின் ஆவி கண்ணைக் கரித்தது.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவள் கணவர் சுப்பையா உட்கார்ந்திருந்தார். இடுப்பில் பழைய சேலைக் கிழிசல்; அதன் மறுமுனை ஜன்னல் கம்பியில். கிடர்பூர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டியே கப்பல் சரக்கை இறக்க வைத்த மனிதர். இப்போது பெண்டாட்டி பெயர் தெரியவில்லை. ஒருநாள் ஜானகி அவரை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். கேஸைத் திறந்து விட்டுவிட்டார். அக்கம்பக்கத்தார் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இந்தக் கட்டு. முடிச்சுப் போடும்போதெல்லாம் அவளுக்குத் தன் கையின் மேலேயே வெறுப்பு வரும்.

அந்தத் திங்கட்கிழமை முடிச்சு நெகிழ்ந்திருந்தது. பாத்திரம் கழுவும் வங்காளி ரஞ்சன் கொதிக்கும் சாம்பார்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு அந்தக் குறுகலான இடைவெளிக்குள் நுழைந்தான். சுப்பையா எழுந்து கையை உயர்த்தினார். "ஆரியா, ஆரியா" என்றார். சரக்கை இறக்கச் சொல்லும் துறைமுகத்துச் சொல். சொல்லிக்கொண்டே குண்டானின் காதைப் பிடித்து இழுத்தார். சாம்பார் ரஞ்சனின் காலில் கொட்டியது.

கல்லாவிலிருந்து முதலாளி பத்மநாபன் வந்தார்.

"அடுப்படில பைத்தியத்தக் கொண்டாந்து கட்டி வெச்சா வேற என்ன நடக்கும்?"

"பைத்தியம் இல்ல சார். மறதி நோய். சர்க்கார் ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க."

"எதுவோ ஒண்ணு. இனிமே அவர் இங்க வரக்கூடாது. செவ்வாய்க்கிழமை லீவுன்னு நீயும் வந்து நிக்கக்கூடாது."

"வாரத்துல அந்த ஒரு காலைலதான் சார் இந்த நோய்க்குப் பாக்கறாங்க."

"எதிர்ப்பக்கம் கண்ணாடி போட்டுப் புதுசா ஒரு கிளினிக் திறந்திருக்கானே. அவன் எல்லா நாளும் பாக்கறான்."

"அந்தக் கண்ணாடியத் தொடைக்கிற வேலை கெடச்சா உள்ள போவேன் சார். இல்லேன்னா எப்படிப் போறது?"

பத்மநாபன் ரஞ்சன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. வெந்தது உன் காலு. இவ இங்க இருக்கணுமா?"

வாளித் தண்ணீரில் காலை வைத்திருந்த ரஞ்சனுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஜானகி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் என்ன சொன்னாலும் நியாயம்தான் என்று நினைத்தாள்.

அவன் தன் அடுக்களைத் தமிழில் சொன்னான்: "பாபு, கால் வெந்தது இங்க எடம் இல்ல, அதனால. ரெண்டு பேர் எதிர்ல வந்தா ஒருத்தன் செவுத்துல ஒட்டணும். நாங்க சொன்னோம், நீங்க கேக்கல. ஜானகி தீதி போனா நானும் போறேன்."

தோசை மாஸ்டர் செந்தில்நாதன் கல்லுக்கு அடியில் எரிந்த அடுப்பை அணைத்தார். "நாளைக்கு அக்கா மாவு வேலைய நாங்க பாத்துக்கறோம் சார். அக்காவ நிறுத்தினா இந்த அடுப்பு எரியாது."

வெளியே வாடிக்கைக்காரர்கள் தோசை கேட்டுக் குரல் கொடுத்தார்கள். "நாளைக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

மறுநாள் ஜானகி சுப்பையாவைக் கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தோல் வியாதிப் பிரிவுக்குப் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்த அறையின் கதவில் பூட்டு தொங்கியது. மறு அறிவிப்பு வரும்வரை கிளினிக் கிடையாது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே தரையெல்லாம் ஜனம். புருலியா பக்கத்திலிருந்து இரவு ரயிலில் தாயோடு வந்திருந்த சந்தியா, குமாஸ்தாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர மாத்திட்டாங்க. வேற ஆள் போடல. நான் என்ன பண்ண?" என்றார் குமாஸ்தா.

"நாங்க எங்க போறது?"

"பிரைவேட்டுக்குப் போங்க. இல்லேன்னா பெங்களூர் போங்க."

சந்தியா சுவரோரம் வந்து சரிந்து உட்கார்ந்தாள். "எங்க ஜில்லாவுல கேட்டா, வயசானா இப்படித்தான்னு சொல்லி அனுப்பறாங்க. இங்க வந்தா பூட்டு" என்று ஜானகியிடம் வங்காளியில் சொன்னாள். அவளுடைய தாய் மகளின் முந்தானையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

இதைத் தன் வீட்டுத் தலையெழுத்து என்றே ஜானகி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தாழ்வாரம் முழுக்க அதே தலையெழுத்து உட்கார்ந்திருந்தது. எழுதியது விதி இல்லை. பூட்டைப் போட்டவர்களுக்குப் பெயரும் நாற்காலியும் இருந்தன. அவளுக்கு அழுகை வரவில்லை.

"அடுத்த செவ்வாயும் வருவோம். பூட்டியிருந்தாலும் வருவோம். பெரிய டாக்டர் ரூம் வாசல்ல உக்காருவோம்" என்றாள். சந்தியா நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தாள். அங்கிருந்தவர்கள் ஒருவர் போன் நம்பரை மற்றவர் வாங்கிக்கொண்டார்கள்.

மெஸ்ஸுக்குத் திரும்பிய ஜானகி நடந்ததை அடுக்களையில் சொன்னாள். செந்தில்நாதன், "நீங்க தனியாப் போக வேண்டாம்" என்றார்.

அடுத்த செவ்வாயன்று மெஸ்ஸின் ஷட்டர் ஏறவில்லை. பத்மநாபன் தெருவில் நின்றபடி கேட்டார்: "ஆஸ்பத்திரில டாக்டர் இல்லாததுக்கு என் கடைய ஏன்யா மூடறீங்க?"

"அங்க டாக்டர் இல்ல, இங்க லீவு இல்ல. நடுவுல நசுங்கறது ஒரே ஆளு சார்" என்றார் செந்தில்நாதன். "ரஞ்சன் வைத்தியத்துக்கும், அக்கா லீவுக்கும் பதில் சொல்லுங்க. நாளைக்கே வந்து அடுப்பு பத்த வெக்கறோம்."

"ஊர்லேர்ந்து வேற ஆள வரவழைக்கத் தெரியும் எனக்கு."

"வரட்டும். அவங்களுக்கும் ஆத்தா அப்பன் இருப்பாங்க."

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரான சூப்பரின்டெண்டென்ட்டின் அறை சாத்தியே இருந்தது. அதன் வாசலில் ஜானகியோடு மெஸ் ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி இரண்டு முறை வந்து எழுந்திருக்கச் சொன்னான். மூன்றாம் முறை ஒரு போலீஸ்காரரோடு வந்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. காலில் கட்டோடு ரஞ்சன் சுப்பையாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வாயருகே டீக் கோப்பையைப் பிடித்திருந்தான்.

"ஐயா இன்னிக்கு வரமாட்டார்" என்றார் போலீஸ்காரர்.

"வர்றப்ப வரட்டும்" என்றாள் ஜானகி.

இரவு ரயிலில் வந்தவர்கள் தாழ்வாரத்தின் மறுமுனையில் தென்பட்டார்கள். முன்னால் சந்தியா, தாயை அணைத்துப் பிடித்தபடி. அவளுக்குப் பின்னால், போன வாரம் ஜானகி பார்த்திராத முகங்கள் பல. உட்கார இடம் இருக்குமா என்று அவர்கள் தயங்கி நின்றார்கள்.

ஜானகி சுவரோடு நகர்ந்து உட்கார்ந்தாள். செந்தில்நாதன் நகர்ந்தார். அவருக்கு அடுத்தவரும் நகர்ந்தார்.