பத்தாவது பனியன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். இருக்கட்டும். ஆனால் அன்றைக்குப் பாரிவாக்கத்தில் நான் கோபப்பட்டதற்குக் காரணம் இருந்தது. கொடியில் ஒரு வெள்ளைப் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. பனியன் காய்வதைப் பார்த்து உலகத்தில் யாராவது அழுவார்களா? நான் அழுதேன்.

என் பெயர் சுரேகா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. யாராவது ஒரு புது மருந்தைத் தூக்கிக்கொண்டு வயலில் அடிக்கக் கிளம்பினால், அது மனிதர்களை என்ன செய்யும் என்று அளந்து பார்த்து அறிக்கை கொடுப்போம். அந்தச் சமயம் எங்களிடம் வந்திருந்த மருந்தின் பெயர் ‘அண்டாதே’. பயிரில் தெளித்துவிட்டால் ஆடு, மாடு, பன்றி எதுவும் கிட்ட வராது. கொல்லாது, விரட்டும், அவ்வளவுதான். பாட்டில் மூடியைத் திறந்தால் அழுகின முட்டையைப் பினாயிலில் ஊறப்போட்ட மாதிரி ஒரு நாற்றம் வரும். ஒரே நிமிஷத்தில் நம் மூக்குக்குப் பழகிவிடும். மாட்டின் மூக்குக்கு ஒரு நாளும் பழகாது, அதுதான் விஷயமே என்று கம்பெனிக்காரர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள். நாலு மாதமாக அந்த பாட்டிலைத் திறந்து மூடுவதுதான் என் பிழைப்பு.

தெளிக்கிற ஆளின் உடம்பில் மருந்து எவ்வளவு படுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. நாங்கள் கொடுக்கும் முழுக்கை வெள்ளைப் பனியனையும் பைஜாமாவையும் அவர் உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அவருடைய வழக்கமான சட்டை, பேன்ட், கையில் கையுறை. தெளித்து முடித்ததும் அந்த உள்துணிகளைக் கழற்றி, வெள்ளித்தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து அலசி அளப்போம். உடம்பில் பட வேண்டியதெல்லாம் பனியனில் பட்டிருக்கும். பத்துப் பேர், பத்துப் பனியன். ஒன்பது முடிந்திருந்தது.

“பத்தாவது பனியன் திங்கட்கிழமை என் மேஜைக்கு வரணும்மா,” என்றார் எங்கள் தலைவர் கஜபதி சார். “வரலைன்னா அறிக்கை கிடையாது. அறிக்கை இல்லைன்னா உன் வேலை எப்படி நிரந்தரம் ஆகும்? நீயே சொல்லு.”

என் ஆறு மாதத் தற்காலிகம் அந்தத் திங்களோடு முடிகிறது. ஆக என் எதிர்காலம் ஒரு பனியனில் இருந்தது. போட்டுக்கொள்ளப் போகிறவர் பாரிவாக்கத்தில் வெண்டைக்காய் பயிரிடும் முனியன்.

சனிக்கிழமை காலை ஆவடி குவார்ட்டர்ஸில் நான் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு கிண்ணத்தில் பாலை வைத்துக்கொண்டு வாசலில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளி மதில்மேல் மணி என்கிற பூனை, பாலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

“ஏட்டி சுரேகா, இந்தப் பய நாலு மாசமா என் கிட்ட வரமாட்டேங்கான். முந்தி என் மடிய விட்டு எறங்க மாட்டான். நான் அவனுக்கு என்னட்டி பண்ணுனேன்?”

அப்பாவுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஆவடி ஃபேக்டரிக்கு மாற்றலாகி இருபது வருடம் ஆகிறது. அம்மாவின் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

“அவனுக்கு வயசாச்சும்மா. என் கோட்டு எங்கே?”

வெள்ளைக் கோட்டைத் துவைத்து, நீலம் போட்டு, மடித்து வைத்திருந்தாள். பிடுங்கிக்கொண்டு ரயிலுக்கு ஓடினேன். அம்பத்தூரில் இறங்கி, ஐஸ் பெட்டியோடு கூடத்து வண்டியில் ஏறினேன்.

பாரிவாக்கத்தில் முனியன் அண்ணனின் வெண்டைக் கொல்லையைச் சுற்றி மூன்று பக்கமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. அவருக்கு வெள்ளைப் பனியனையும் பைஜாமாவையும் மாட்டிவிட்டதும் அவர் மனைவி பூங்காவனம் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னாய்யா இது, கண்ணாலத்தன்னிக்கிகூட நீ இவ்ளோ வெள்ளையா இல்லியே!”

“த்தே, சும்மா இருமே. கெவருமெண்டு வேலை நடந்துகினு கீது,” என்றார் அண்ணன். இது கவர்ன்மென்ட் வேலை இல்லை என்று நான் மூன்று முறை சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெளித்தது நன்றாகவே நடந்தது. முடித்ததும் கையுறையைக் கழற்றச் சொல்லி, அளந்த தண்ணீரில் அவர் கையைக் கழுவி, அந்தத் தண்ணீரை பாட்டிலில் பிடித்தேன். அதுவும் முறைதான். பிறகு பனியனைக் கழற்றுங்கள் என்றேன். அண்ணன் நிமிர்ந்து மூன்று பக்கமும் பார்த்தார். மாடிக்கு மாடி பால்கனியில் ஜனங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இத்தினி பேரு பாத்துகினு கீறாங்க, இங்க எப்டிமா அவுக்கறது? ஊட்ல போய்த் தரேன்.”

சரி, வீடு பக்கத்தில்தானே என்று நினைத்து ஐஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் இருந்தது, ஐஸ் இல்லை. காலையில் டிரைவரிடம் சண்டை போட்டுக்கொண்டே மூடியைச் சரியாக மூடாமல் விட்டது நான்தான். ஐஸ் வாங்கப் பூந்தமல்லிக்குப் போக வேண்டும்.

“அக்கா, அவர் கழற்றினதும் அந்தத் துணியைப் பத்திரமா வச்சிருங்க. எனக்குத் திருப்பி வேணும்,” என்று பூங்காவனம் அக்காவிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அவரும் பெரிதாகத் தலையாட்டினார்.

பூந்தமல்லியில் மீன் கடையில் ஐஸ் வாங்கி, நெரிசலில் மாட்டி, திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் கொடியில் என் பனியன். பக்கத்தில் பைஜாமா. பளபளவென்று, நீலம் சொட்டச் சொட்ட.

வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

“அக்கா! என்ன பண்ணீங்க?”

“இன்னாமா பண்ணேன்? தோச்சேன்.” அவருக்கு வாயெல்லாம் பல். “ஊற வச்சி, ரெண்டு வாட்டி சோப்பு போட்டு, கல்லுல அடிச்சி, நீலம் போட்டுக்கீறேன். செத்த இரு, காஞ்சதும் பெட்டி போட்டுத் தரேன்.”

“யார் துவைக்கச் சொன்னது? திருப்பி வேணும்னுதானே சொன்னேன்!”

“அதான், திருப்பிக் குடுக்கச் சொன்னியே. இரவல் துணிய வேர்வையும் நாத்தமுமா குடுத்தா ஒங்க ஆபீஸ்ல எங்கள இன்னான்னு நெனப்பாங்க? முனியன் ஊட்டுக்காரிக்கு மானம் கீதுமா.”

அந்த மானம்தான் என் வேலையைச் சாக்கடைக்கு அனுப்பியிருந்தது. துவைத்த தண்ணீர் எங்கே என்று கேட்டேன். சாக்கடையைக் காட்டினார். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கஜபதி சாருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

“நீலம் போட்டாங்களா?” என்றார்.

“போட்டாங்க சார்.”

வைத்துவிட்டார்.

பூங்காவனம் அக்காவுக்கு என் அழுகை தாங்கவில்லை. “ஒரு பனியனுக்கா இப்டி அய்வாங்க? இரு, பால் கறந்து சூடா ஒரு டீ போட்டுத் தரேன்,” என்று சொம்பை எடுத்துக்கொண்டு எருமையிடம் போனார். எருமையின் பெயர் ரோஜா. ஏழு வருடமாக அக்கா கையைத் தவிர வேறு கைக்குப் பால் கொடுக்காத எருமை என்று காலையில்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அக்கா குனிந்து மடியில் கை வைத்தார். ரோஜா ஒரு முறை மூச்சை இழுத்தது. கண் வெளியே பிதுங்கியது. அடுத்த நொடி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, கொடியில் கிடந்த என் பனியனையும் கொம்பில் மாட்டிக்கொண்டு தெருவில் ஓடியது.

“ஏ ரோஜா! நில்லுடி! இன்னா பூட்ச்சி ஒனக்கு!” என்று அக்கா பின்னால் ஓடினார். அவர் ஓட ஓட எருமை இன்னும் வேகமாக ஓடியது. ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. பால்கனி ஜனங்களெல்லாம் கைபேசியில் படம் பிடித்தார்கள். குளித்து முடித்து ஈரத் தலையோடு வந்த முனியன் அண்ணன், குறுக்கே போய் ‘பா பா’ என்று கையை நீட்டினார். எருமை சாதுவாக நின்று அவர் கையை நக்கியது. அப்பாடா என்று அக்கா மூச்சிரைக்கக் கிட்டே வந்தார். மறுபடி ஓட்டம்.

இப்படி மூன்று தடவை ஆனது. மூன்றாவது தடவை அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டார். “மருந்தடிச்ச ஆளாண்ட போவுது. என்னாண்ட வர மாட்டேங்குது. நான் இன்னா பண்ணேன் இதுக்கு?” என்றார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மருந்தடித்தவர் கையுறை போட்டிருந்தார். சட்டை போட்டிருந்தார், அதற்குள் பனியன் போட்டிருந்தார். இந்த அம்மா வெறுங்கையால் ஊறவைத்துக் கசக்கியிருக்கிறார்.

“அக்கா, கையை நீட்டுங்க. எதையும் தொடாதீங்க.”

மிச்சமிருந்த அளந்த தண்ணீரில் முழங்கை வரை கழுவி, பாட்டிலில் பிடித்து, பெயர் எழுதி, மீன் வாசனை அடிக்கும் ஐஸில் வைத்தேன். பிறகு அவரைச் சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடத்தில் இருந்து இரண்டு பாட்டிலையும் அளந்தேன். தெளித்தவரின் கையில் இருந்ததைப்போலப் பதினோரு மடங்கு, துவைத்தவரின் கையில் இருந்தது.

திங்கள் காலை கஜபதி சார் தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“மருந்தைக் கலக்குறவர், தெளிக்கிறவர், அப்புறம் வயல்ல இறங்குறவர், வழியில போறவர், பக்கத்து வீட்டுக் குழந்தை. படிவத்துல இவ்வளவு பேருக்கும் கட்டம் இருக்கு. துவைக்கிறவங்களுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

“போட்டுட்டேன் சார். அளவுகோல் வச்சு நானே கட்டம் போட்டுட்டேன்.”

“படிவத்துல கைவைக்க உனக்கு யார் அதிகாரம் குடுத்தது? நான் கேட்டது பத்தாவது பனியன். நீ எதையோ கொண்டுவந்து நிக்கிற. இன்னிக்கு உனக்குக் கடைசி நாள், தெரியுதா?”

எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. போகிற வேலைதானே, கேட்டுவிட்டே போகலாம்.

“சார், நீங்க போட்டிருக்கீங்களே வெள்ளைக் கோட்டு, இதை வீட்ல யார் துவைக்கிறது?”

சார் குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். பித்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“மிஷின்,” என்றார்.

“அதில போடுறது யாரு? காலர்ல பிரஷ் போடுறது யாரு?”

சார் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து ஒரு பையில் வைத்துக் கட்டினார். கம்பெனிக்கு போன் செய்து, ஒரு வாரம் தாமதமாகும், புதுத் தகவல் கிடைத்திருக்கிறது என்றார். என் தாளில் கையெழுத்துப் போட்டார். நிரந்தரக் கடிதம் மறுவாரம் தருகிறேன் என்றார். அடுத்த பத்தாவது பனியனை நானே நேரில் நின்று கழற்றி வாங்க வேண்டும் என்றும் சொன்னார்.

மறுவாரம் நிரந்தரக் கடிதம் கைக்கு வந்த அன்றே, மருந்து பாட்டிலில் ஒட்டும் தாளில் ஒரு வரி சேர்ந்தது: ‘தெளித்தவரே தன் துணிகளைக் கையுறை அணிந்து தனியாகத் துவைக்க வேண்டும்.’ பூங்காவனம் அக்காவுக்கு போனில் படித்துக் காட்டினேன்.

“இன்னொரு தபா படி,” என்றார். படித்தேன். “யோவ், இங்க வா! பாட்லுலயே எய்திக்கீதாம்!” என்று கத்தியதில் என் காது கிழிந்தது. ரோஜா இரண்டாம் நாளே அவரிடம் பால் கொடுத்துவிட்டதாம்.

அன்று மாலை ஆவடியில் இறங்கி, தலைகால் புரியாத சந்தோஷத்தில் வீட்டுக்கு நடந்தேன். உலகத்தில் துவைக்கிற பெண்களுக்கெல்லாம் ஒரு கட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைப்பு. அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

“வேல நெலச்சிட்டாட்டி? எனக்குத் தெரியும். சரி, அந்தக் கோட்டக் கழத்திக் குடு, ஊறப் போடுதேன்.”

நானும் வழக்கம்போலக் கழற்றி நீட்டினேன். அம்மா கையை நீட்டினாள். மதில்மேல் மணி, பத்தடி தள்ளி, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மாதம்.

கோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு வெட்கமாக இருந்தது. கஜபதி சாரைப் பார்த்துக் கேட்ட கேள்வியை ஒரு நாளாவது என்னை நான் கேட்டிருக்கிறேனா?

“என்னட்டி?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா. இனிமே இதை நானே துவைக்கிறேன்.”

“ஒனக்குத் தொவைக்கத் தெரியுமா?”

தெரியாது. கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் நின்று காலர் போகவில்லை, கை மடிப்புப் போகவில்லை, நீலம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிச் சிரித்தாள்.

பத்தாம் நாள் மணி மதிலில் இருந்து இறங்கி வந்து, அம்மாவின் கையை முகர்ந்து பார்த்து, மடியில் ஏறிப் படுத்தான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். நானும் ஆசையாகக் கிட்டே போனேன். மணி என்னைப் பார்த்தான், ஒரு முறை மூச்சை இழுத்தான், மதிலைத் தாண்டி ஓடிவிட்டான்.

“நீ தள்ளியே நில்லுட்டி,” என்றாள் அம்மா.