ஏழாவது மாடியிலிருந்து இறங்கிய நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வேலை இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது? ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்று புகார். மொட்டைமாடி மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

ஆண்கள்மேல்தான் என் மனம் போகும் என்பது பதினைந்து வயதிலேயே எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். அவள் மாதம் ஒரு பெண்ணின் போட்டோவோடு படியேறி வருவாள். நான் ஏதாவது சாக்கு சொல்வேன். என் கல்யாணத்துக்குள் தன் மகள் கல்யாணமே முடிந்துவிடும் என்று மாமா கிண்டலடிப்பார். என்னைப் போன்றவர்கள் எங்கோ இருப்பதாகச் செய்திகளில் படித்திருந்தேன். இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன்.

கீழே மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தெரு அகலத்துக்கு ஒரு வானவில் துணியைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. ஏதோ கட்சி ஊர்வலம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: ‘ஆணை நேசிக்கும் ஆண் நான். உங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறேன்.’

தலைகளை எண்ண ஆரம்பித்தேன். இருநூறைத் தாண்டியும் கூட்டத்தின் வால் தெருமுனையில் திரும்பவில்லை. லிஃப்டை நானே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டிருந்ததால் ஏழு மாடியும் படியில்தான் ஓடி இறங்கினேன்.

வாசல்வரை வந்த கால் அதற்குமேல் நகரவில்லை. கையெல்லாம் கிரீஸ், முதுகில் கம்பெனி பெயர். அப்போது எங்கள் தெரு மருந்துக்கடைப் பெண் இன்னொரு பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டு வந்தாள். பத்து வருடமாக எனக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“வேலையா வந்தேன்,” என்றேன், அவள் கேட்காமலேயே.

“வந்தது வந்தீங்க, ரெண்டு தெரு நடங்களேன்,” என்றாள். “அந்த முனையில நாம இடது பக்கம் திரும்பணும்.”

நாம என்றாள். ‘நாங்க’ என்று சொல்லியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். நடைபாதையிலிருந்து இறங்கினேன்.

எனக்கு முன்னால் தலை நரைத்த இருவர் போனார்கள். ஒருவர் பஸ் டிரைவர், மற்றவர் தையல்காரர் என்று பிறகு தெரிந்தது. வெயிலுக்குத் தொப்பி போடச் சொல்லித் தையல்காரர் நச்சரித்துக்கொண்டே வர, டிரைவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை வருடமாகச் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“இருபத்தாறு,” என்றார் டிரைவர்.

“இருபத்தேழு. மொத வருஷம் முழுக்கச் சண்டை, அத இவரு கணக்குலயே சேக்க மாட்டாரு,” என்றார் தையல்காரர்.

தொப்பிக்காகச் சண்டை போடும் இரண்டு கிழவர்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆண்கள் இருவர் சேர்ந்து வயதாகலாம் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. நாற்சந்தியில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி அத்தனை வண்டிகளையும் நிறுத்தினார். நாங்கள் கடந்து போனோம்.

சாயங்காலம் திரும்பிப் போய்ப் பிரேக்கை மாட்டினேன். அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் டிரைவர் வீட்டில் கூடினோம். ஊர்வலத்தில் பழக்கமானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆறே நாற்காலி, மற்றவர்கள் தரையில். நான் என்ன சொன்னாலும் அங்கே யாரும் முகம் சுளிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அக்காவிடம் சொன்னேன். மூன்று நாள் அவள் பேசவில்லை. நான்காம் நாள் சமையலறையில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“உனக்குன்னு யாராச்சும் இருக்காங்களா?”

அவள் வாயிலிருந்து அப்படியொரு கேள்வி வரும் என்று கனவிலும் நான் நினைத்ததில்லை.

“இன்னும் இல்லக்கா.”

“சரி, பாக்கலாம்,” என்று சொல்லி எனக்கு ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.