மதலைமுத்துவின் வாய்

கள்ளக்குறிச்சியில் மரவள்ளிக்கிழங்கு வியாபாரம் செய்த மதலைமுத்துவுக்கு, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முழங்காலிட்டால் வாய் மறைந்துவிடும். மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழவழப்பான தோல்தான் இருக்கும். கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, வெற்றிலைக் கறையோடு அது பழைய இடத்துக்கே வந்து சேரும். கிழங்கு விலை இறங்கினால் எவ்வளவு பேசுமோ, அவ்வளவே ஊர் இதைப் பற்றிப் பேசியது. அவர் மனைவி ராணியம்மாளுக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் அவளுக்குத் தெரியும். சின்னசேலத்தில் ஒரு பழைய அரிசி ஆலை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு கூடும் சங்கத்தில் அவர் சேர்ந்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு இறக்கும் பெரிய வியாபாரிகள் எல்லாம் அதில் இருந்தார்கள். உள்ளே நடப்பதை எவரிடமும் சொல்வதில்லை என்று அவரவர் வேதத்தின்மேல் சத்தியம் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கிடையாது. மதலைமுத்து தன் வீட்டு பைபிளையே கொண்டுபோய் முத்தமிட்டுச் சத்தியம் பண்ணிவிட்டு வந்தார்.

"நம்ம பைபிள் மேலதான பண்ணேன், இன்னா தப்பு?"

"அதனாலதாங்க அந்தச் சத்தியம் புட்ச்சிக்கினு வுட மாட்டேங்குது," என்றாள் ராணியம்மாள்.

சங்கத்தை விட்டு, பாவசங்கீர்த்தனமும் செய்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று பங்குச் சாமியார் ஞானப்பிரகாசம் சொல்லிவிட்டார். அங்கே, காய்ச்சலில் போன அவர்களுடைய மகன் சூசை படுத்திருந்தான். அவனுக்குப் பக்கத்து இடம் தகப்பனுக்கென்று காலியாகக் கிடந்தது. பிள்ளை என்றைக்கும் தனியாகவே கிடப்பானோ என்று நினைத்து நினைத்து அவளுக்கு ஆண்டுகள் ஓடின.

சர்க்கரை நோய் முற்றி மதலைமுத்து படுக்கையில் விழுந்தார். கடைசிப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, சாகக் கிடப்பவருக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூச சாமியார் வீட்டுக்கு வந்தார். சாமியாரைக் கண்டதுமே மதலைமுத்துவின் வாய் மறைந்தது. வாசலில் சங்கத்து ஆட்கள் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் சொல்லி வந்தார்களோ தெரியவில்லை. அவர்களில் லாரி முதலாளி கண்ணாயிரம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"பயப்படாதக்கா. அண்ணன் பேச மாட்டாரு."

அந்த ஆறுதல்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கணவன் கையைப் பிடித்தாள். அவள் நாக்கில் வெற்றிலைக் காரம் ஏறியது. அவள் வெற்றிலை போடுகிறவள் இல்லை. சத்தியம் கட்டியது அவர் வாயைத்தான், அவளுடையதை இல்லை.

"நான் அந்தச் சங்கத்த வுட்டுட்டேன் சாமி," என்று அவள் வாயிலிருந்து அவர் குரல் வந்தது. அதற்குப் பிறகு தன் வாய் சொன்ன எதுவும் அவள் காதில் விழவில்லை. முடிந்தபோது சாமியார் வேர்த்துப்போயிருந்தார். பாவமன்னிப்புக் கொடுத்தார். அன்று இரவே மதலைமுத்துவின் உயிர் போனது; மறுநாள் மகனுக்குப் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள்.

மண் தள்ளி முடித்ததும் கண்ணாயிரம் சாமியாரிடம் வந்தார். "அண்ணன் இன்னா சொன்னாருங்க சாமி?"

சாமியார் திரும்பினார். மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார்கள் வெளியே சொல்வதில்லை.

"நம்மளவிட கெட்டியா இருக்காருடா," என்று கண்ணாயிரம் தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, ராணியம்மாளின் பக்கம் திரும்பி அதையே கேட்டார். அவள் தெரியாது என்றாள். அது உண்மை. அவர் நம்பினாரா என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் பழைய வாயோடு வழக்கம்போல் சுவிசேஷம் வாசித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ராணியம்மாள் மட்டும், யாராவது வாசலில் கூப்பிட்டால் மூக்குக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் பதில் சொல்வாள்.